பதினேழு வயசுப் பையனுக்கு ஜாமீன்: கோபம் யார் மேல்?

2024 மே 19 விடிகாலை இங்கே புனே கல்யாணி நகரில் நடந்த விபத்து எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். பதினேழு வயசுப் பையன் ஓட்டியதாக வழக்கான போர்ஷே கார் மோதி, மத்தியப் பிரதேசத்திலிருந்து வேலைக்கு வந்த இரண்டு இளம் ஐ.டி. ஊழியர்கள் இறந்துபோனார்கள். அன்றைக்கே பையனுக்கு ஜாமீன். நிபந்தனைகளில் ஒன்று, சாலை விபத்து பற்றி 300 வார்த்தையில் கட்டுரை. நாடே கொதித்தது.

எங்கள் கிளையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வேறு பேச்சே இல்லை. "ஜாமீனே கொடுத்திருக்கக் கூடாது" என்பதுதான் எல்லார் தீர்ப்பும். நான் வக்கீல் இல்லை, வெறும் பி.காம். ஆனால் சட்டத்தைத் தேடிப் படித்தபின் என் கட்சி வேறு.

2015-ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு சொல்வது இதுதான். 18 வயது நிரம்பாதவர் பிடிபட்டால், குற்றம் ஜாமீனில் விடக்கூடியதோ இல்லையோ, ஜாமீன்தாரர் இருக்கிறாரோ இல்லையோ, வெளியே விடுவதுதான் பொது விதி. மறுக்க மூன்றே காரணங்கள். வெளியே போனால் குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான். அவன் ஒழுக்கத்துக்கோ உடம்புக்கோ மனசுக்கோ ஆபத்து. அல்லது நீதியே கெட்டுப்போகும். மறுத்தால் காரணத்தை எழுதியும் வைக்க வேண்டும்.

குற்றம் எவ்வளவு பெரிசு என்பது அந்தப் பட்டியலில் இல்லை, கவனித்தீர்களா? வங்கியில் கடன் பெரிசானால் ஜாமீனும் பெரிசாகும். இங்கே கணக்கே வேறு. வழக்கு முடிகிறவரை பையன் யார் பொறுப்பில் இருப்பது என்பதுதான் கேள்வி. ஜாமீன் கிடைத்ததால் அவன் குற்றமற்றவன் என்று ஆகிவிடாது.

ஊர் கொதித்ததும் மே 22-ல் அதே இளைஞர் நீதிக் குழுமம் அவனைக் கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பியது, கொடுத்த ஜாமீனை ரத்து செய்யாமலே! ஜூன் 25-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் அது சட்டவிரோதம் என்று சொல்லி அவனை அத்தையிடம் ஒப்படைத்தது. சரியான உத்தரவு என்றே நினைக்கிறேன்.

"அப்போ செத்துப்போன பிள்ளைகளுக்கு என்ன பதில்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பிழைக்க வந்த ஊரில் பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோரை நினைத்தால் நமக்கும் வயிறு கலங்குகிறது. ஆனால் அந்தக் கோபம் போக வேண்டிய இடம் வேறு. பையனின் ரத்த மாதிரியையே மாற்றிவிட்டார்கள் என்று டாக்டர்களும் பெற்றோரும் கைதானார்கள். அந்தக் குற்றச்சாட்டு நிரூபணமானால், நீதியைக் கெடுத்தது அதுதான். பிரிவு 12 இல்லை.

இப்போது இன்னொரு பையனை நினைத்துப் பாருங்கள். கட்டட வேலைக்கு வந்த கூலித் தொழிலாளியின் மகன். திருட்டுக் கேஸ். அப்பாவிடம் முகவரிச் சான்றுகூட இல்லை. ஜாமீன் உத்தரவு கிடைத்தாலும் கையெழுத்துப் போட ஆள் இல்லாமல் உள்ளேயே கிடப்பான். இவனுக்காகவே சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது. 7 நாளுக்குள் ஜாமீன் நிபந்தனையை நிறைவேற்ற முடியாவிட்டால், நிபந்தனையை மாற்றுவதற்காக அவனை மறுபடி குழுமத்தின் முன் கொண்டுவர வேண்டும்.

ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு இதன் அருமை தெரியணும். வாடகை வீட்டுக்கே தெரிந்தவர் சிபாரிசு கேட்கிற ஊரில், நடுராத்திரி போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து நம் பிள்ளைக்காகக் கையெழுத்துப் போட எத்தனை பேர் இருக்கிறார்கள்? நம் பிள்ளைகள் தப்பே செய்ய மாட்டார்கள் என்று எந்தக் கேரண்டியும் கிடையாது. பிடித்த பையனை லாக்கப்பில் வைக்கக் கூடாது, பயண நேரம் போக 24 மணி நேரத்தில் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். இதையாவது ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தை இறுக்கச் சொல்லிக் கத்துவது சுலபம். இறுக்கினால் பணக்கார வீட்டுப் பையன் பெரிய வக்கீலை வைத்து எப்படியும் வெளியே வந்துவிடுவான். மாட்டிக்கொள்வது அந்தக் கூலிக்காரர் மகன்தான். ஒருவேளை, நம் வீட்டுப் பிள்ளையும்.

மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள், பேசுவோம்.