கேட்பவர்தான் கொடுக்க வேண்டும்

'செல்போனில் உலகமே பேசுகிறது. உள்ளூர் வானொலிக்கு மாதாமாதம் நன்கொடை எதற்கு?' அமெரிக்காவில் வாழும் பலர் இப்படிக் கேட்கிறார்கள். இது தவறான வாதம்.

2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் வட கரோலினாவின் மலைப்பகுதியைச் சூறையாடியது. ஆஷ்வில்லில் மின்சாரம் போயிற்று, செல்போன் சிக்னல் போயிற்று, குழாயில் தண்ணீரும் நின்றது. அப்போது புளூ ரிட்ஜ் பொது வானொலி பேசிக்கொண்டிருந்தது. குடிநீர் எங்கே கிடைக்கும், எந்தச் சாலை திறந்திருக்கிறது என்பதையெல்லாம் மக்கள் கார் ரேடியோவிலும் பேட்டரி ரேடியோவிலும் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். சிக்னல் இல்லாத ஊரில் எந்தச் செயலி இதைச் சொல்லியிருக்கும்?

'அவ்வளவு அவசியமென்றால் அரசே கொடுக்கட்டும்' என்கிறார்கள். 2025 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றம், பொது ஒலிபரப்புக்கு ஏற்கெனவே ஒதுக்கிய சுமார் 110 கோடி டாலரைத் திரும்பப் பெற்றுவிட்டது. பெருநகர நிலையங்கள் எப்படியோ சமாளிக்கும். அலாஸ்காவின் கிராமங்களிலும் பழங்குடிப் பகுதிகளிலும் இருக்கும் சிறு நிலையங்கள் அந்தப் பணத்தை நம்பித்தான் இருந்தன.

'என் பத்து டாலரால் என்ன ஆகிவிடும்?' பெர்க்லியில் லூயிஸ் ஹில் 1949-இல் தொடங்கிய கேபிஎஃப்ஏ நிலையத்துக்கு விளம்பர வருமானம் கிடையாது. மறு ஆண்டே காசில்லாமல் மூச்சு நின்றது. நேயர்கள் பணம் திரட்டினார்கள், 1951-இல் மீண்டும் ஒலித்தது. இன்றும் ஒலிக்கிறது. அதை மீட்டது சின்னச் சின்னத் தொகைகள்தான்.

தினமும் கேட்கிறீர்கள் அல்லவா? இந்த மாதமே உறுப்பினராகுங்கள்.