72 கிலோ 6 கிலோவாகும் கணக்கு

ஹட்டன் பக்கத் தோட்டமொன்றின் மடுவத்தில் கொழுந்து நிறுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேர், ஆளுக்குப் பதினெட்டுக் கிலோ. மொத்தம் 72 கிலோ என்று சொல்லக் கணக்கப்பிள்ளைக்குப் பேனாகூட வேண்டாம். அதையே கிராமாக்கி, 16 பிட் அகலத்தில் மட்டும் எண்ணை வைத்துக்கொள்ளும் கருவியிடம் கொடுத்தால், 6 கிலோ 464 கிராம் என்று காட்டும். இதில் களவில்லை, இடம்தான் போதவில்லை. 16 பிட்டில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 65,535. அதைத் தாண்டியதும் கணக்கு மறுபடி பூச்சியத்திலிருந்து தொடங்கிவிடும். முழுப் பேரா, அரைப் பேரா (முழு நாள் சம்பளமா, அரை நாள் சம்பளமா) என்பதைக் கிலோ தீர்மானிக்கிற இடத்தில் இதைச் சின்ன விஷயம் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

இப்படி ஒன்றைக் கேட்டதும், பழைய புரோசஸருக்குப் பெரிய எண் ஒத்துவராது, தூக்கிப்போட வேண்டியதுதான் என்கிறவர்கள் உண்டு. அது தவறான முடிவு. சின்ன வகுப்பில் நாம் செய்ததையே அந்தப் புரோசஸரும் செய்யும். ஒன்றாம் இடத்தைக் கூட்டி, மிஞ்சியதை மனதில் வைத்து, அடுத்த இடத்தில் சேர்ப்பது. 1978இல் வந்த இன்டெல் 8086இல் இதற்கென்றே ‘ஏடிசி’ என்றொரு கட்டளை இருந்தது: கூட்டு, மனதில் உள்ள ஒன்றையும் சேர். ஆர்டுயினோ உனோ பலகையில் இருக்கும் 8 பிட் ஏவிஆர் சில்லுக்கு, இரண்டு 32 பிட் எண்களைக் கூட்ட நான்கே கட்டளைகள் போதும். முதலாவது வெறும் கூட்டல், மற்ற மூன்றும் மனதில் உள்ளதைச் சேர்க்கும் கூட்டல்.

அந்த நான்கு கட்டளைகளை எழுதுவது யார் என்பதுதான் இங்கே கேள்வி. நிரலை எழுதுகிறவர் சி மொழியில் ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடுவார். அதைப் புரோசஸரின் கட்டளைகளாக மாற்றுவது கம்பைலர். நம் பாடப்புத்தகத்தில் தொகுப்பான். ‘மனதில் ஒன்று’ என்பதைச் சொல்லச் சி மொழியில் நேரடியான வழி நெடுங்காலம் இருக்கவில்லை. ஆகவே, ‘கூட்டிய விடை கூட்டப்பட்ட எண்ணைவிடச் சிறியதாக வந்தால் ஒன்று மிஞ்சியிருக்கிறது’ என்று சுற்றி வளைத்து எழுதுவார்கள். நல்ல தொகுப்பான் அதன் உள்நோக்கத்தைப் புரிந்துகொண்டு ஒரே ஏடிசி போடும். மந்தமான தொகுப்பான் எழுதியபடியே ஒப்பிட்டு, தாவி, மறுபடி கூட்டும். கணக்குச் செய்யும்போது எண்களை வைத்துக்கொள்ளப் புரோசஸருக்குள் இருக்கும் அறைகளான ரெஜிஸ்டர்களுக்குத் தட்டுப்பாடு என்பது இன்னொரு தொல்லை. 1985இன் 80386இல் எட்டு ரெஜிஸ்டர்கள், வழக்கமாகக் கையில் மிஞ்சுவது ஆறு. 64 பிட் எண் ஒவ்வொன்றும் இரண்டைப் பிடித்துக்கொள்ளும். நாலாவது எண் வந்தால் ஒன்றை நினைவகத்தில் இறக்கிவிட்டுத்தான் அதை ஏற்றவேண்டும். எதை எப்போது இறக்குவது என்பதில் தொகுப்பானுக்குத் தொகுப்பான் கெட்டித்தனம் வேறுபடும்.

நமக்கு நெருக்கமான உதாரணம் அடையாள அட்டையில் இருக்கிறது. பழைய தேசிய அடையாள அட்டையில் ஒன்பது இலக்கங்களும் ஓர் எழுத்தும். அந்த இலக்கங்கள் 32 பிட்டில் தாராளமாக அடங்கும். 2016 முதல் இலக்கங்கள் பன்னிரண்டு. 32 பிட்டின் எல்லையோ 429 கோடி சொச்சம், அதாவது பத்தே இலக்கம். (அடையாள இலக்கத்தை எண்ணாக வைக்காமல் எழுத்துச் சரமாக வைப்பதே முறை. ஆனால் எண்ணாக வைக்கிறவர்கள் இருக்கிறார்கள்.) கடைசி இலக்கத்தைப் பிரித்தெடுக்க 10ஆல் வகுக்க வேண்டும். பழைய புரோசஸர் மூச்சு வாங்குவது இங்கேதான். 2012இல் வந்த முதல் ராஸ்பெரி பையின் புரோசஸரில் வகுத்தல் கட்டளையே கிடையாது. தொகுப்பான் ஓர் உதவி நிரலைக் கூப்பிட்டுக் கையைக் கழுவிவிடும். அது கழித்துக் கழித்து விடை தேடும்.

தெரிந்த ஓர் எண்ணால் வகுப்பதைப் பெருக்கலாக மாற்றும் வித்தையை 1994இலேயே டோர்பியோர்ன் கிரன்லுண்டும் பீட்டர் மொண்ட்கொமெரியும் விளக்கி எழுதினார்கள். ரெஜிஸ்டருக்குள் அடங்கும் எண்களுக்கு அது சீக்கிரமே நடைமுறைக்கு வந்தது. இரண்டு ரெஜிஸ்டரில் பரந்து கிடக்கும் எண்களுக்கு ஜிசிசி, எல்எல்விஎம் ஆகிய தொகுப்பான்களில் ஒரு நல்ல வழி வந்தது 2020களில்தான். வித்தை என்னவோ பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஓர் எண் 9ஆல் வகுபடுமா என்று பார்க்க இலக்கங்களைக் கூட்டுகிறோம் அல்லவா? பத்தை ஒன்பதால் வகுத்தால் மீதி 1 என்பதால் அது பலிக்கிறது. அதேபோல், 64 பிட் எண்ணின் மேல் பாதியில் உள்ள ஒவ்வொரு ஒன்றின் மதிப்பான 4,294,967,296ஐ 5ஆல் வகுத்தால் மீதி 1. ஆகவே 64 பிட் எண்ணின் மேல் பாதியையும் கீழ்ப் பாதியையும் கூட்டினாலே போதும். 200,000,000,003ஐ எடுத்துப் பாருங்கள். மேல் பாதி 46, கீழ்ப் பாதி 2,431,504,387. கூட்டினால் 2,431,504,433. அதை 5ஆல் வகுத்தால் மீதி 3. முழு எண்ணுக்கும் அதே 3. மீதியைக் கழித்துவிட்டால் எஞ்சியது சரியாக வகுபடும் எண். அதை ஒரு நிலையான எண்ணால் பெருக்கினால் ஈவு வந்துவிடும். 10ஆல் வகுக்க வேண்டுமென்றால் முதலில் பாதியாக்கிக்கொண்டால் சரி.

ஆக, அதே சில்லு, அதே நிரல். புதிய தொகுப்பானில் ஒருமுறை போட்டு எடுத்தால் வேகம் கூடும். ஆனால் இதற்கும் எல்லை உண்டு. 32 பிட் இயந்திரம் 64 பிட் இயந்திரமாகிவிடாது, பெருக்கல் ஒன்றுக்கு மூன்று பெருக்கல் செய்தே தீரும். நிரலில் 16 பிட் என்று எழுதிவைத்தால் எந்தத் தொகுப்பானாலும் அந்த 72 கிலோவைக் காப்பாற்ற முடியாது. அது எழுதியவர் பிழை.

பழைய இயந்திரங்களைத் தோட்டக் காரியாலயத்திலோ பள்ளிக்கூடத்திலோ ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் ஒன்றைக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது: நிரல் நேரத்தை 32 பிட்டில் வைக்கிறதா, 64 பிட்டிலா? 1970இலிருந்து விநாடிகளைக் கூட்டல், கழித்தல் குறியோடு எண்ணிவரும் 32 பிட் கடிகாரம், 2038 ஜனவரி 19 செவ்வாய்க்கிழமை, நமது நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடிக்கு நிரம்பிவிடும்.