பானையின் அடியில் பெயர் இல்லை

போன மாதம் மாரண்டஹள்ளிக் கடைத்தெருவில் ஒரு தண்ணீர்ப் பானைக்குப் பேரம் பேசினேன். பெரியவர் 150 ரூபாய் சொன்னார், 120-க்கு முடித்தேன். "சரி, எடுத்துக்குங்க சார். திரும்ப வூட்டுக்குத் தூக்கிட்டுப் போக முடியாது" என்றார்.

அதற்கு முந்திய வாரந்தான் நகரத்துக் கண்காட்சி ஒன்றில் 1,200 ரூபாய் கொடுத்துப் பீங்கான் கோப்பை ஒன்று வாங்கியிருந்தேன். அங்கே பேரம் பேச எனக்கு நா எழவில்லை. கோப்பையின் அடியில் கையெழுத்து இருந்தது. பானையின் அடியில் இல்லை.

"அது கலை, இது தொழில்" என்பீர்கள். கலைஞர்களையே கேட்போமே! 1971-இல் புதுச்சேரியில் 'கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி'யைத் தொடங்கிய அமெரிக்கர்கள் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும். டெபோரா, ஜப்பானில் பிஸென் என்ற ஊரில் மெருகு பூசாத மண்பாண்டக் கலையைப் பயின்றவர். அதே ஜப்பானில் மேதை என்று உலகம் கொண்டாடிய ஹமாடா, பெயர் தெரியாத கிராமத்துக் குயவர்களையே ஆசான்களாகக் கொண்டார். தம் பாண்டங்களில் கையெழுத்து இடுவதையும் விட்டுவிட்டார். சீடனுக்கு மாலை போட்டு, ஆசானிடம் பேரம் பேசுகிற நியாயம் நம்முடையது!

கோப்பையின் விலையை நான் குறை கூறவில்லை. ஏறத்தாழ 1,300 டிகிரி வெப்பத்தில் வெந்து வருகிறது அது. ஆனால் பானையைக் குறைந்த சூட்டில் சுடுவதும் அறிவுதான். அதனால்தான் நுண்துளைகள் மூடாமல் நிற்கின்றன. நீர் கசிந்து ஆவியாகிறது. உள்ளே இருப்பது குளிர்கிறது. கல்லாக இறுகச் சுட்டால் கோடைக்கு அது உதவாது.

"தலைமுறை தலைமுறையாக அதே பானைதானே?" என்று கேட்பவர்கள் உண்டு. மீக்கர் மண்வீட்டையே சூளையாக்கி, வீடு முழுவதையும் சுட்டுப் பார்த்தவர். அந்தத் துணிவைப் போற்றுகிறேன். ஒரு சூளை வீணானால் அடுப்பெரியாத வீட்டில் எந்தப் புதுமையைச் சோதிப்பது? நான் குறைத்த 30 ரூபாயில்தான் அவருடைய சோதனைக்கூடம் இருந்தது.

அவர் பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன். அடுத்த முறை கேட்பேன். சொன்ன விலையையும் கொடுப்பேன். அதுவரை அவர் பானை வனைந்துகொண்டிருக்க வேண்டுமே!