"சி.டி. எத்தனை?" என்று கேட்காதீர்கள்

2021 மே மாதம். ஏற்காட்டில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொரோனா. அறிக்கையில் சி.டி. மதிப்பு 32. "வைரஸ் கொஞ்சம்தான், பயமில்லை" என்றார்கள் நண்பர்கள். கோப்பில் எண்ணைப் பார்த்தே பழகிய குமாஸ்தா புத்தி, நானும் தலையாட்டினேன். எட்டாம் நாள் ஆக்ஸிஜன் 86. நள்ளிரவில் சேலத்துக்குக் கொண்டு ஓடினோம். பிழைத்துக்கொண்டார். என் மனசுதான் இன்னும் ஆறவில்லை.

வைரஸ் தென்படும்வரை சோதனை எத்தனை சுற்று ஓடியது என்பதே சி.டி. எண் குறைந்தால் வைரஸ் அதிகம். ஆனால் மூக்கில் குச்சி விட்ட விதமும், விட்ட நாளும் அந்த எண்ணை மாற்றிவிடும். இரண்டாம் வாரத்தில் மூக்கில் வைரஸ் குறையும்போதே நுரையீரலில் அழற்சி ஏறுவதும் உண்டு. சி.டி.யை வைத்து நோயின் தீவிரத்தைக் கணிக்க முடியாது என்று ஐ.சி.எம்.ஆர். 2020 ஆகஸ்டிலேயே சொன்னது. யார் கேட்டோம்?

மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் வைரஸ் மிகுந்தோருக்கு ஆபத்து கூடுதல் என்று ஆய்வுகள் உண்டு; மறுக்கவில்லை. அது கூட்டத்தின் கணக்கு. தனி ஆளுக்கு ஜாதகம் ஆகாது.

நான் படித்த பிரெஞ்சில் இதை 'ஷார்ஜ் விரால்' என்பார்கள். ஷார்ஜ் என்றால் சுமை. நம் மலையின் 20 கொண்டை ஊசி வளைவும் ஏறும் லாரிக்குச் சுமையை மட்டும் பார்த்தால் போதுமா? எஞ்சின் எத்தனை பழசு என்று பார்க்க வேண்டாமா? நமக்கோ வயது, சர்க்கரை, ரத்த அழுத்தம்.

இனிக் கொரோனா என்றால் "மூச்சு எப்படி? ஆக்ஸிஜன் எத்தனை?" என்று கேளுங்கள். 94-க்குக் கீழே இறங்கினால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.