500 ஆண்டுக்கு முன்னால் ஒரு காலை

டயப்பர் மக்க 500 ஆண்டு ஆகும் என்று வீராம்பட்டினத்தில் ஒரு மாணவர் சொன்னார். பாம்பர்ஸ் சந்தைக்கு வந்ததே 1961இல்தான். 500 என்பது மதிப்பீடு, யாரும் கண்ணால் பார்த்ததல்ல. அதன் பிளாஸ்டிக் நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் குருமாம்பேட் குப்பைக் கிடங்கில் கிடக்கும், அவ்வளவுதான்.

ஆனால் தோழர்களே, மறுநாள் காலையிலேயே அந்த மலத்தை ஒரு கை தொடுகிறது. பெரும்பாலும் யார் கை என்பது நமக்குத் தெரியும்.

மறுசுழற்சிப் பொருளுக்கு மாறப் பாருங்கள், இல்லையேல் ஒவ்வொரு டயப்பருக்கும் உறை கொடுங்கள் என்று தயாரிப்பாளர்களுக்கு 2016 திடக்கழிவு விதிகள் சொல்லின. என் அக்கா மகளுக்கு வாங்கிய பாக்கெட்டுகளில் உறையை நான் பார்த்ததே இல்லை. மனிதக் கழிவைக் கையால் அள்ளுவதைத் தடை செய்த 2013 சட்டம் சுகாதாரமற்ற கழிப்பறை, திறந்த சாக்கடை, ரயில் தண்டவாளம் என்கிறது. டயப்பர் என்ற சொல்லே அதில் இல்லை. குப்பை வண்டியில் வரும்போது மட்டும் மலம் மலமில்லையா?

அந்த வரையறைக்குள் இதுவும் வர வேண்டும். அதுவரை, மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிட்டு, காகிதத்தில் சுற்றித் தனியாகக் கொடுங்கள்.