தொட்டிக்கு ஒரு பூட்டு

போன வாரம் உத்திரமேரூர் போயிருந்தேன். சித்தி தன் போனை நீட்டினார். ‘குடிக்கிற தண்ணியில கிருமியைக் கலக்கப் போறாங்க, உஷார்!’ என்று குடும்ப குரூப்பில் ஒரு தகவல். “நெசமாவே நடந்தா நம்மள மாதிரி ஆளுங்க என்னப்பா பண்ண முடியும்?” என்றார். சிரித்து மழுப்பிவிட்டேன். பஸ் ஏறிய பிறகுதான், அது சிரிக்கிற கேள்வி இல்லை என்று உறைத்தது.

இப்படி நடந்திருக்கிறது. 1984-ல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், ரஜனீஷ் ஆசிரமத்தைச் சேர்ந்த சிலர் உள்ளூர்த் தேர்தலில் ஜெயிப்பதற்காக, ஓட்டல்களில் வைத்திருந்த சாலட்டில் சால்மோனெல்லா கிருமியைக் கலந்தார்கள். 751 பேர் வயிற்றுப்போக்கில் விழுந்தார்கள். நல்லவேளை, யாரும் இறக்கவில்லை. ஓட்டல் ஊழியர்களின் சுத்தக்குறைவுதான் காரணம் என்றே முதலில் அதிகாரிகள் நினைத்தார்கள். சதி என்று தெரிய ஒரு வருடம் ஆனது. வைத்தியம் அதுவரை காத்திருக்கவில்லையே!

2001-ல் அதே நாட்டில் ஆந்த்ராக்ஸ் தூள் வைத்த கடிதங்களால் 5 பேர் இறந்தார்கள். அந்த ஆந்த்ராக்ஸ் நமக்குப் புதிதில்லை. மாடு வளர்ப்பவர்கள் ‘அடைப்பான்’ என்று சொல்வது அதைத்தான்.

நம் பக்கத்திலேயே பாருங்கள். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், பட்டியலின மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது. பிள்ளைகளுக்கு உடம்பு முடியாமல் போக, ‘தண்ணீரைப் பாருங்கள்’ என்று டாக்டர்கள் சொன்ன பிறகே தொட்டியில் ஏறிப் பார்த்தார்கள்.

ஆக, கிருமி தானாக வந்ததா, யாராவது விட்டதா என்று கண்டுபிடிப்பது நம் வேலை இல்லை. சீக்கிரம் கவனிப்பதும், சொல்ல வேண்டியவரிடம் சொல்வதும்தான் நம் வேலை.

* ஒரே தெருவில் நாலைந்து பேருக்கு ஒரே சமயத்தில் வாந்தி, பேதியா? ஆளுக்கொரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு இருந்துவிடாதீர்கள். கிராம நர்ஸிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சொல்லுங்கள். 104-க்கும் போன் செய்யலாம்.

* மாடு திடீரென்று செத்து, மூக்கிலும் வாயிலும் ரத்தம் வந்தால் தொடாதீர்கள், தோலை உரிக்காதீர்கள், கறி போடாதீர்கள். கால்நடை டாக்டரைக் கூப்பிடுங்கள்.

* சந்தேகமான தூளோடு கடிதம் வந்தால் உதறவோ முகரவோ வேண்டாம். அப்படியே வைத்துவிட்டு அறையைச் சாத்துங்கள். சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு போலீஸுக்குச் சொல்லுங்கள்.

* உறுதியாகத் தெரியாத தகவலை ஃபார்வர்டு செய்யாதீர்கள். பீதியும் தொற்றுநோய்தான்.

சித்தியின் ஊருக்கு இதெல்லாம் புதுசும் இல்லை. அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. குடவோலை போட்டு ஆள் எடுத்ததைச் சொல்லும் கல்வெட்டு. அதில் ஏரியைப் பார்த்துக்கொள்ள மட்டும் தனியாக ஒரு வாரியம், 6 பேர், 360 நாள் பொறுப்பு. ஊர்த் தண்ணீருக்கு இன்னார் பொறுப்பு என்று 1,100 வருடங்களுக்கு முன்பே எழுதி வைத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் சித்திக்குப் போன் போட்டேன். “உங்க தெரு டேங்குக்கு மூடி இருக்கா? பூட்டு இருக்கா? கடைசியா எப்போ கழுவினாங்க?”

“தெரியலையேப்பா...”

“அதைத்தான் பேரூராட்சி ஆபீஸ்ல கேளுங்க!”