பிரம்பைத் திரும்பக் கேட்பவர்களுக்கு

ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும். "பிரம்பைப் பிடுங்கினார்கள், பிள்ளைகள் கெட்டுப்போனார்கள்." எங்கள் வாட்ஸ்அப் குழுவிலும் மாதம் ஒருமுறையாவது இது வந்துவிடுகிறது. முப்பத்திரண்டு வருடம் கணக்குப் பாடம் எடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நாம் கேட்க வேண்டியதை விட்டுவிட்டு வேறெதையோ கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தைப் பாருங்கள். பிரிவு 17 அடிப்பதைத் தடை செய்கிறது. அதே சட்டத்தின் அட்டவணை, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியராவது வேண்டும் என்கிறது. பிரிவு 27, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர வேறு வெளிவேலைக்கு ஆசிரியரை அனுப்பக்கூடாது என்கிறது. முதலாவதற்கு ஒரு சுற்றறிக்கை போதும், செலவில்லை. மற்றவற்றுக்குப் பணமும் ஆளும் வேண்டும். போன பிரம்புக்காகப் பொருமுகிறவர்கள், வராத ஆசிரியருக்காக ஏன் வாய் திறப்பதில்லை?

45 நிமிடப் பாடவேளை, வகுப்பில் 60 பேர். ஆளுக்கு ஒரு நிமிடம்கூட வராது. கடைசி பெஞ்சுக்காரன் நோட்டை ஆசிரியர் பார்த்தே பத்து நாள் ஆகியிருக்கும். பாடம் புரியாதவன், தன்னை யாரும் கவனிக்கவில்லை என்று தெரிந்தவன், சும்மா உட்கார்ந்திருப்பானா? பிரம்பு அவன் சத்தத்தை அடக்கும்; பின்னக் கணக்கைச் சொல்லித் தராது.

ஈராசிரியர் தொடக்கப் பள்ளியின் நிலை இன்னும் மோசம். 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்பது சட்டத்தின் அளவு. ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர். ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போய்விட்டால் ஐந்து வகுப்பும் மற்றவர் தலையில். அன்றைக்கு நடப்பது பாடமல்ல, பிள்ளைக் காவல்.

பாதுகாப்பும் இதில் சேர்ந்ததுதான். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் கருகினார்கள். 2021 டிசம்பரில் நெல்லையில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். 2012 பிப்ரவரியில் சென்னையில் ஓர் ஆசிரியையை அவருடைய ஒன்பதாம் வகுப்பு மாணவனே குத்திக் கொன்றான். 2024 நவம்பரில் மல்லிப்பட்டினம் அரசுப் பள்ளிக்குள் நுழைந்த வெளியாள் ஒருவன் ஆசிரியையைக் கொன்றான்.

இதில் எதைப் பிரம்பு தடுத்திருக்கும்? முதல் இரண்டுக்கும் கட்டடத்தை ஒழுங்காகச் சோதிக்கிற அதிகாரி வேண்டும். மூன்றாவதற்கு, பையன் மனதில் கொதிப்பதை முன்கூட்டியே கேட்க ஓர் ஆலோசகர் வேண்டும். நான்காவதற்கு வாசலில் ஒரு காவலாளி. கூரைக் காரை எப்போது விழும், கேட்டில் யார் நுழைகிறார் என்று ஒரு கண் வைத்திருக்கிற ஆசிரியர், மீதி அரை மனதோடுதான் பாடம் நடத்துவார். பிறகு தேர்ச்சி விகிதம் குறைந்தது என்று விளக்கக் கடிதமும் அவரிடமே கேட்பார்கள்.

பிரம்பு விலை மலிவு. ஆசிரியர், சுவர், ஆலோசகர், காவலாளி எல்லாவற்றுக்கும் பதிலாக அது ஒன்றையே நம் கையில் கொடுத்து இத்தனை காலம் சமாளித்தார்கள். அதையே நாம் திரும்பக் கேட்டால் அரசுக்கு மகிழ்ச்சிதான், மிச்சம்!

அடுத்த சங்கக் கூட்டத்தில் இவற்றைக் கேளுங்கள்: ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள், எத்தனை காலிப் பணியிடங்கள், கட்டடத்தைக் கடைசியாகச் சோதித்தது எப்போது, இரவும் பகலும் வாசலில் யார்? பதில் எழுத்தில் வரும்வரை விடாதீர்கள்.